கத்தி போன இடமெல்லாம் கறுப்பு

இரண்டு மாங்காய்த் துண்டுகளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றோம்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் கேட். தலை உச்சியில் வெயில். எங்களுக்குப் பின்னால் டிராக்டர்கள் மெயின் ரோடு வரை வரிசை கட்டி நின்றன. மதில்மேல் வைத்த தகர ட்ரேயில் இரண்டு துண்டுகள். ஒன்று நான் கத்தியால் அறுத்தது. மற்றது காயின் சொந்தக்காரர் கல்லில் அடித்துப் பிளந்தது. இரண்டும் ஒரே காயின் இரண்டு பக்கங்கள்.

அந்த நிமிஷத்தில் இரண்டும் ஒரே மஞ்சள்.

"எவ்ளோ நேரம் நிக்கணும் மேடம்?" என்று கேட்டார் ஒரு டிரைவர்.

"பத்து நிமிஷம்" என்றேன். அது எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

ட்ரேக்கு அந்தப் பக்கம், தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அறுத்த துண்டு கறுக்காவிட்டால் அந்த சீசன் முழுக்க அவரை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். கறுத்தால் என் வேலை மிஞ்சுமா என்பது சந்தேகம்.

அவர் என் அப்பா. அது அந்தப் பத்துப் பேரில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சொந்தக் கத்தி

இந்த ஃபேக்டரியில் எனக்கு வேலை கிடைத்ததைச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதினேன். வேலை என்னவென்று விளக்காமல் விட்டுவிட்டேன்.

தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர் கேட்டுக்கு வரும். பின்சக்கரத்தில் கால் வைத்து லோடு மேல் ஏறுவேன். மேலே இரண்டு, ஓரத்தில் இரண்டு, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து மிச்சம் என்று பத்துக் காய் எடுப்பேன். இறங்கி வந்து ஒவ்வொன்றையும் நீளவாக்கில் அறுத்து ட்ரேயில் அடுக்குவேன். புழு இருக்கிறதா, முற்றியிருக்கிறதா, அடிபட்டு உள்ளே கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ட்ரேயை சூப்பர்வைசர் பாஸ்கர் சாரிடம் காட்ட வேண்டும். அவர் 'ஓகே' என்பார், அல்லது 'ரிட்டர்ன்' என்பார். சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

ரிட்டர்ன் ஆன லோடை வேறு ஃபேக்டரிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கேயும் வரிசைதான். வரிசை நகர்வதற்குள் அடியில் இருக்கும் காய் சூட்டில் வெந்துவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. காலேஜ் நாட்களில் நோட்டுப் பின்பக்கங்களில் எழுதி எழுதிப் பழகிய ஒரு கையெழுத்து என்னிடம் இருந்தது. ஒரே இழுப்பு, இரண்டு சுழி. யாராலும் படிக்க முடியாது. அந்தச் சுழிக்கு ஒரு டிராக்டர் உள்ளே போகும், அல்லது திரும்பிப் போகும் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை மறைக்க மாட்டேன்.

கத்தி மட்டும் என்னுடையது இல்லை. ஃபேக்டரி கொடுத்தது ஒரு காய்கறிக் கத்தி. அதை ட்ரேயில் விட்டு ஏறினால் யாராவது எடுத்துப் போய்க் கயிறு அறுப்பார்கள். ஒரு நாள் துப்பட்டாவில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். சக்கரத்தில் கால் வழுக்கியது. சுடிதாரோடு சேர்ந்து தொடையும் கிழிந்தது. ஆழமில்லை. ஆனால் கேட்டில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"மேடமுக்கு கத்தி புடிச்சிப் பழக்கமில்லப்பா. பேனாதான் புடிப்பாங்க" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் எல்லாரிடமும் மடக்குக் கத்தி இருந்தது. கயிறு அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க, சோற்றுக்கு வெங்காயம் நறுக்க. சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒரே கையால் திறப்பார்கள். வேலை முடிந்ததும் மடக்கிப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். எனக்கும் அது வேண்டும் என்று முடிவு செய்தேன். டெய்லரிடம் கொடுத்து எல்லாச் சுடிதாருக்கும் பை வைக்கச் சொன்னேன்.

மூன்று நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படித்தேன். சின்னக் கத்தியைப் பற்றி ஆங்கிலத்தில் இவ்வளவு எழுதியிருப்பார்கள் என்று அதுவரை தெரியாது. அலகு நாலு விரல் நீளம் போதும். திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தும்போது விரல் மேலேயே மடங்கும். ஈரக் கையில் பிடி வழுக்கக் கூடாது. எல்லாம் நல்ல யோசனைகள். கூடவே இன்னொன்றும் இருந்தது: கார்பன் கூடுதலான இரும்பு அலகில்தான் கூர் நிற்கும், மலிவான ஸ்டெயின்லெஸ் சீக்கிரம் மழுங்கும்.

அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதியவர் வாழ்நாளில் ஒரு மாங்காய் அறுத்திருப்பாரா என்று யோசிக்கவில்லை.

மலைக்குப் போறியாமா?

சித்தூரிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் அங்கே கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். பொண்ணு கத்தி வாங்குது என்ற சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருப்பதி போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், பூட்டு, டார்ச், கத்தரிக்கோல், மொட்டையடிக்கும் பிளேடு எல்லாம் விற்கும் ஒரு கடை. கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்ததும் தமிழுக்கு மாறினார்.

"மலைக்குப் போறியாமா?"

"இல்லைங்க. ஏன்?"

"போறதா இருந்தா சாமி பாத்துட்டு வந்து வாங்கு. அலிபிரி செக்கிங்ல புடுங்கிடுவாங்க. அப்பால ஜனங்க என்னாண்ட வந்து சண்டை போடும்."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆறு கத்திகளை எடுத்துப் பேப்பரில் பரப்பினார். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். இரண்டில் பூட்டு இல்லை. ஒன்றில் ஆணி தளர்ந்து அலகு ஆடியது. ஒன்று துப்பாக்கி வடிவத்தில் இருந்தது. அதை நானே தள்ளி வைத்தேன்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஸ்டெயின்லெஸ். சிவப்பு பிளாஸ்டிக் பிடியோடு விளையாட்டுச் சாமான் போல இருந்தது. மற்றது இரும்பு அலகு, கருமரப் பிடி. அலகில் எண்ணெய் மினுங்கியது. கட்டைவிரலால் தள்ளினால் 'டக்' என்று திறந்து பூட்டிக்கொண்டது. பேப்பர் ஓரத்தில் வைத்தேன். அழுத்தவே இல்லை, பேப்பர் இரண்டானது.

"எதுக்கும்மா இது?"

"காய் வெட்டறதுக்கு."

"காய்க்கா? அப்ப செவப்ப எடு. இது இரும்பு. காய்க்கு ஆவாது."

இரண்டுமே இருநூறு ரூபாய்க்குள்தான். ஆனால் சிவப்பு கொஞ்சம் கூடுதல். அவர் அதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஸ்டெயின்லெஸ் சீக்கிரம் மழுங்கிடுங்க. இது ஹை கார்பன்."

"இன்னாது?"

"நான் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா. நான் மூணாவதோட நின்னவன். நீ சொன்னா சரியாதான் இருக்கும்" என்று அதையே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது பைக்குள் கை விட்டு அதைத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

கேட்டில் நான் மேடம்

வீட்டில் கத்தியைக் காட்டவில்லை. நைனா கேட்டிலேயே பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனாவுக்கு நிலம் கிடையாது. மாங்காய் பறிக்கும் ஆறு பேர் செட்டுக்கு மேஸ்திரி. மரத்தைக் குலுக்கிக் கொட்டினால் அரை நாளில் ஒரு டிராக்டர் நிரம்பும். ஆனால் விழுந்த காய் உள்ளுக்குள் அடிபட்டிருக்கும். வெளியே தெரியாது. அறுத்தால்தான் கறுப்பு தெரியும். நைனா குலுக்க விட மாட்டார். வலை கட்டிய நீளக் கழியை அண்ணாந்து பிடித்து, ஒவ்வொரு காயாகக் காம்போடு இறக்குவார். சீசன் முழுக்க அவருக்குக் கழுத்து திரும்பாது.

"மணி செட்டு பறிச்ச காய்ல அடி இருக்காது" என்று சுற்று ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் எங்கள் வீட்டுச் சொத்து. அதை வைத்துத்தான் நான் படித்தேன்.

செட்டின் மேஸ்திரி லோடோடு ஃபேக்டரிக்கு வர வேண்டும், இறக்கிவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை கேட்டில் என்னைப் பார்த்ததும் நைனா முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வணக்கம் மேடம்" என்றார். நான் விழித்தேன். சாயங்காலம் வீட்டில் சொன்னார்:

"அங்க என்ன நைனான்னு கூப்டாத பாப்பா. நான் இட்டாந்த லோடு பாஸாச்சினா, பொண்ணு பாஸ் பண்ணிட்டான்னுவாங்க. உன் பேரும் போவும், என் பேரும் போவும்."

"நல்லா கீது. அப்ப நான் கொழம்புக்கு உப்பு போட மேடமாண்ட கையெழுத்து வாங்கணுமா?" என்றாள் அம்மா.

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் இந்தத் தொடரை நான் எழுதிப் பிரயோசனமில்லை. நைனா கேட்டில் 'மேடம்' என்றபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

சோப்பு போட்டுக் கழுவினேன்

திங்கட்கிழமை முதல் லோடு. புதுக் கத்தி வெள்ளரிக்காய் நறுக்குவது போல மாங்காயில் இறங்கியது. பத்துக் காயும் நல்ல மஞ்சள். பாஸ்கர் சார் ஓகே சொன்னார். காயில் மட்டும் லேசாக எண்ணெய் வாடை. கடையில் பூசிய எண்ணெய். குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டு, நார் வைத்து, அலகு வெள்ளையாகும் வரை தேய்த்துக் கழுவினேன்.

இரண்டாவது லோடு ராஜம்மா என்பவருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கத்திரிப்பூ நிறச் சேலை, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரே வந்திருந்தார். அறுத்தபோது எல்லாம் மஞ்சள்தான். ட்ரேயை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். பாஸ்கர் சார் போனில் இருந்தார். மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, "அரே, நல்லகா அயிபோயிந்தே" என்றார் தெலுங்கில். கறுத்துப் போச்சே என்று.

குனிந்து பார்த்தேன். பத்துத் துண்டுகளிலும் சாம்பல் கலந்த கறுப்புப் படலம்.

"குலுக்கின காய். ரிட்டர்ன்" என்றார்.

ராஜம்மாவிடம் சீட்டை நீட்டினேன்.

"குலுக்கின காயா? நான் மரத்தடியில நின்னு பறிக்க வெச்ச காய்மா இது."

"நீங்களே பாருங்க" என்று ட்ரேயைக் காட்டினேன்.

அவர் துண்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டிராக்டர் திரும்பிப் போனது.

மூன்றாவது லோடும் அப்படியே. அந்த விவசாயி கத்தித் தீர்த்துவிட்டு, வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் தெளிவாகத்தான் இருந்தது. தப்பான லோடுகளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலாவது டிராக்டர் முனிரத்தினம் என்பவருடையது. லோடு மேல் பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார் நைனா.

நைனா சொன்ன பொய்

"பாத்து ஏறுங்க மேடம்" என்று நகர்ந்து வழி விட்டார்.

பத்துக் காய் எடுத்து இறங்கினேன். பையிலிருந்து கத்தியை எடுத்தேன். நைனா பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே மெதுவாக, கட்டைவிரலால் திறந்தேன். டக். அவர் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது. பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசையாக இரண்டு ரிட்டர்ன் என்பதால் பாஸ்கர் சார் இந்தத் தடவை கேட்டுக்கே வந்தார். எடை மேடையில் யாரிடமோ பேசிவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் ட்ரே கறுத்திருந்தது.

"இதுவும் ரிட்டர்ன்."

முனிரத்தினம் என்னிடம் ஓடி வந்தார். "மேடம், இன்னொரு வாட்டி பாருங்க மேடம். தயவு பண்ணுங்க." அதே மூச்சில் நைனா பக்கம் திரும்பினார். "ஏய் மணி! இன்னாடா பண்ணி வெச்சிருக்க? பேரு பெரிய பேரு, மரத்த குலுக்கிக் கொட்டிக்கினு வந்துட்டியா? இனிமே எந்தத் தோப்புல கால் வெக்கிறன்னு பாக்கறேன்."

நைனா அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

நான் நைனாவின் பதிலுக்குக் காத்திருந்தேன். அது எனக்கு மனப்பாடம். 'ஒரு காய்ல அடி இருந்தாலும் கூலி வோணாங்க' என்பார். எத்தனையோ தோப்புகளில், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஆமாங்க" என்றார் நைனா. "தப்பு நம்ம மேலதாங்க. பசங்க அவசரத்துல குலுக்கிட்டானுங்க. நான் பாக்காம வுட்டுட்டேன்."

முந்தின நாள் ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியாமல், அம்மா எண்ணெய் தேய்த்துவிட, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். மரத்தைக் குலுக்கியவருக்குக் கழுத்து வலிக்காது. நைனா பொய் சொல்கிறார். ஏன்?

சொல்லி முடித்தபோது அவர் கண் ஒரு கணம் என் பக்கம் வந்தது. என் முகத்துக்கு இல்லை. என் கைக்கு.

என் கையில் கத்தி இருந்தது. காலையில் வெள்ளையாகத் தேய்த்த அலகு இப்போது நீலம் பாய்ந்து கறுத்திருந்தது.

சின்ன வயதில், லீவு நாட்களில் நைனாவோடு தோப்புக்குப் போவேன். அவர் அரிவாளால் மாங்காய் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தருவார். நான் ஆட்டம் போட்டுவிட்டு வருவதற்குள் கீற்றின் ஓரமெல்லாம் கறுத்திருக்கும். "இன்னா நைனா கறுப்பா கீது?" "அருவா பட்டா அப்டிதான் பாப்பா, துன்னு." தின்பேன். நாக்கில் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி நிற்கும்.

ட்ரேயிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். அதே ருசி.

இரும்பும் காயின் துவர்ப்பும் சேர்ந்தால் கருநீலம் வரும். முதல் வருஷ ரெக்கார்டு நோட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன். முழு மார்க். முதல் லோடைக் காப்பாற்றிய கடை எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவியதும் நான்தான். கெமிஸ்ட்ரி படிக்காத கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தது. நைனாவுக்குத் தெரிந்திருந்தது. கத்தியைத் திறந்த நொடியிலேயே நைனா புரிந்துகொண்டிருக்கிறார். எல்லார் முன்னாலும் நான் தலைகுனியக் கூடாது என்று, ஆயுசுக்கும் சேர்த்த பேரை ஒரே வாக்கியத்தில் கீழே போட்டுவிட்டார்.

பேசாமல் இருந்தால் அவர் பேர் போகும். பேசினால், காலையில் திருப்பியனுப்பிய இரண்டு லோடும் என் தலையில் விழும்.

"சார்" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். "சார், காய் மேல தப்பு இல்ல. கத்தி மேல."

"ஏம் மாட்லாடுதுன்னாவ்?" என்ன பேசுகிறாய் என்று கேட்டார் பாஸ்கர் சார்.

"வுடுங்க மேடம்" என்றார் நைனா தணிந்த குரலில். "தப்பு நம்முதுதான்."

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

லோடிலிருந்து புதிதாக ஒரு காய் எடுத்தேன். ஒரு பக்கத்தை என் கத்தியால் அறுத்து ட்ரேயில் வைத்தேன். மிச்சத்தை முனிரத்தினத்திடம் கொடுத்தேன். "இத கத்தி படாம உடைங்க."

அவர் கோபத்தையெல்லாம் சேர்த்துக் கல்லில் ஓங்கி அடித்தார்.

பத்து நிமிஷம்

மூன்று நிமிஷம் வரை ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து கூழ் கொதிக்கும் புளித்த இனிப்பு வாடை. ஈ ஒன்று ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குத் தாவியது. வரிசையின் கடைசியில் ஹார்ன்.

"மேடம் மேஜிக் காட்றாங்கப்பா" என்றார் ஒரு டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து நிமிஷம். பாஸ்கர் சார் வாட்ச்சைப் பார்த்தார். என் துண்டு மஞ்சளாகவே இருந்தது. காலையில் இவ்வளவு நேரம் ஆனதா? நினைவில்லை. நைனாவை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

அதன் பிறகு, தோலை ஒட்டி, பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு தெரிந்தது. கண் கூசுகிறது என்று நினைத்தேன். கோடு தடித்தது. அலகு முதலில் இறங்கிய இடம், நான் திருப்பி அழுத்திய இடம் என்று ஒவ்வொன்றாகச் சாம்பல் ஏறியது. கல்லில் உடைத்த துண்டு மஞ்சளாகவே கிடந்தது.

முனிரத்தினம்தான் முதலில் வாய் திறந்தார். "அட! கத்தி போன இடமெல்லாம் கறுப்பு."

பாஸ்கர் சார் என்னை இரண்டடி தள்ளி அழைத்துப் போனார். "சுகன்யா, இந்த லோடுக்கு ஓகே போடு. காலையில போனதைப் பத்திப் பேசாதே. மேனேஜர் காதுக்குப் போனா எனக்கும் வரும்" என்றார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார். "ஒரு மேஸ்திரிக்காக எதுக்கு இவ்வளவு? யார் அவர்?"

நைனா காதில் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார்.

"எங்க நைனா, சார்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. "அதான பாத்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நைனா எதற்குப் பயந்தாரோ அதே பேச்சு.

"அதனால இந்த லோடை நான் தொட மாட்டேன்" என்றேன். "நீங்களே வேற கத்தியில அறுத்துப் பாருங்க. காலைல திருப்பின ரெண்டையும் கூப்பிடணும் சார். ரெண்டு சீட்டுலயும் என் கையெழுத்துதான் இருக்கு."

கேன்டீனிலிருந்து ஒரு ஸ்டீல் கத்தி வந்தது. பாஸ்கர் சாரே பத்துக் காய் எடுத்து அறுத்தார். மறுபடி அதே காத்திருப்பு. பத்தும் மஞ்சளாகவே நின்றன.

முனிரத்தினம் நைனாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "மணி..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். "மணியண்ணே, வண்டிய உள்ள வுடச் சொல்லுங்க" என்றார்.

நைனா அந்த 'அண்ணே'வுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோடு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொட்டிட்டோம்மா

டீக்கடை ஓரம் நின்ற லோடு அப்போதே உள்ளே போனது. ராஜம்மாவுக்குச் சீட்டு நகலில் இருந்த நம்பரில் போன் செய்தேன்.

"ஃபேக்டரியிலருந்து பேசறங்க. உங்க லோடை எடுத்துக்கினு வாங்க. காய் நல்ல காய்தான். தப்பு எங்க கத்தியில."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்.

"கொட்டிட்டோம்மா" என்றார். "பைபாஸ் ஓரத்துல. வாடகை வண்டி. இன்னொரு ஃபேக்டரியில ரெண்டு நாள் ஆவும்னாங்க. மாடுங்க துன்னுக்கினு கீது. வந்து பாக்கறியா?"

கையிலிருந்த சீட்டு நகலைப் பார்த்தேன்.

"சீட்டுல கையெழுத்து போட்டது யாரு? ஒன்னும் புரில. சுழி சுழியா கீது."

"நான்தாங்க."

"உன் பேர் இன்னா?"

"சுகன்யா."

போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் நைனாவும் நானும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். கேட்டிலிருந்து சேர்ந்து கிளம்பியது அதுதான் முதல் தடவை. ஊர்த் திருப்பம் வந்தது.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"நீ பொய் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றேன்.



பையில் ஒரு மாங்காய்

வேலை போகவில்லை. ஒரு வாரம் கேட்டுப் பக்கம் வராதே என்று உள்ளே காய் கழுவும் இடத்தில் போட்டார்கள். வரும்போது ஒழுங்கான கத்தியோடு வா என்றார் பாஸ்கர் சார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் திருப்பதிக் கடை. இந்தத் தடவை பையில் ஒரு தோத்தாபுரிக் காய் வைத்திருந்தேன்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்றார் கடைக்காரர்.

"சொன்னீங்க."

சிவப்புக் கத்தியைத் திறந்து பார்த்தேன். பூட்டு சரி. ஆணி சரி. பிடியில் சொரசொரப்பு இருந்தது, கையை நனைத்துப் பிடித்தும் வழுக்கவில்லை. கூர் அந்த இரும்புக்கு வராது. அது பரவாயில்லை, தீட்டிக்கொள்ளலாம். "வாங்கறதுக்கு முன்ன இதுல ஒரு காய் அறுத்துப் பாக்கலாமா?" என்றேன்.

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். காயை அறுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பூட்டு வாங்க வந்தவர் ஒருவர், "மாங்கா இன்னா வெல?" என்று கேட்டார்.

"அது பரீட்சை நடக்குது, நீங்க பூட்டப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

கால் மணி நேரம். துண்டு மஞ்சளாகவே இருந்தது. கத்தியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, மாங்காயில் பாதியை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கேட்டில் நின்றேன். வரும் டிராக்டரிலெல்லாம் கத்திரிப்பூ நிறச் சேலை தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்பதாவதோ பத்தாவதோ நாள், இரண்டாம் பறிப்புக் காயோடு ராஜம்மா வந்தார். இறங்கி நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீதான சுகன்யா?"

"ஆமாங்க."

"கத்தியக் குடு."

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அலகைச் சுரண்டினார். நான் லோடில் ஏறிப் பத்துக் காய் எடுத்து வந்தேன். அவரே அறுத்தார். என்னைவிட நன்றாக, ஒரே இழுப்பில். ட்ரேயை மதில்மேல் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நானும் நின்றேன். பின்னாலிருந்த டிராக்டர் ஹார்ன் அடித்தது. பாஸ்கர் சார் அறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இத்தனை நாளாக நினைத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த முகத்தின் முன்னால் வரவில்லை. அவரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ட்ரேயை விட்டு அவர் கண் எடுக்கவில்லை.

பத்து நிமிஷம் ஆனது. மேலேயும் கொஞ்சம் ஆனது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மடக்கப் பார்த்தார், பூட்டு விடவில்லை. நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அவரே தேடிப் பூட்டைக் கண்டுபிடித்து அழுத்தி மடக்கினார். டக். என் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப எழுது" என்றார். "பேரு படிக்கிற மாதிரி எழுது."

சீட்டை மதில்மேல் வைத்து, சுழியில்லாமல், என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினேன்.